பிள்ளைச் செல்வமும் ஆணின் உடல் எடையும்

(நம் அறக்கட்டளையின் குடும்ப நல அமர்வில், இஷா தொழுகைக்குப் பிறகு செயலாளர் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வழக்கமாக இந்த அமர்வில் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, ஏழைக் குமருகளின் திருமணம் என்று பேசுவோம். இன்று எடுத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் கூச்சம் தருகிற விஷயம். குழந்தை இல்லாத வீடுகளைப் பற்றியும், அதில் ஆணின் உடல் எடைக்கு இருக்கும் பங்கைப் பற்றியும் பேசப் போகிறோம். மார்க்கத்தைத் தெரிந்துகொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அன்சாரிப் பெண்களைப் பாராட்டியதை நாம் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். ஒரு குடும்பம் உடையாமல் இருக்க உதவும் செய்தியைக் கேட்பதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஏன் இந்தத் தலைப்பு?

நம் அலுவலகத்துக்கு வரும் குடும்பப் பிரச்சினைகளில் 'பிள்ளை இல்லை' என்பது அடிக்கடி வருகிற ஒன்று. வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்ணுடைய ஸ்கேன், பெண்ணுடைய இரத்தப் பரிசோதனை, பெண் சாப்பிட்ட மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரு பை நிறையக் கொண்டுவருவார்கள். "மாப்பிள்ளைக்குப் பரிசோதனை செய்தீர்களா?" என்று கேட்டால் ஓர் அமைதி. பிறகு மாப்பிள்ளையின் அம்மா சொல்வார்: "என் புள்ளைக்கு என்ன குறை? ஆள் எப்படி இருக்கான் பாருங்க!"

இருவரின் சம்மதத்தோடு, யாரென்று தெரியாதபடி ஒரு குடும்பத்தைச் சொல்கிறோம். நிக்காஹ் ஆகி ஐந்து வருடம். அந்தப் பெண் மூன்று ஊர்களில் வைத்தியம் பார்த்துவிட்டாள். கணவர் காலை ஒன்பது மணிக்குக் கடையில் உட்கார்ந்தால் இரவு பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பார். நூறு கிலோவை நெருங்கிய உடம்பு. அவருக்கு இரண்டாவது நிக்காஹ் செய்துவைக்க வீட்டில் பேச்சு நடந்து, பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிய நிலையில்தான் எங்களிடம் வந்தார்கள். "முதலில் மாப்பிள்ளை ஒரு பரிசோதனை செய்யட்டும், பிறகு பேசுவோம்" என்றோம். விந்தணு எண்ணிக்கை இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. ஐந்து வருடமாக அந்தப் பிள்ளை சுமந்த பழிக்கு யார் பதில் சொல்வது? இரண்டாவது நிக்காஹ் நடந்திருந்தால் இன்னொரு பெண்ணும் அதே பழியைச் சுமந்திருப்பாள். இப்போது இருவரும் சேர்ந்து இருக்கிறார்கள். அவர் எடையைக் குறைத்துக்கொண்டு வருகிறார். முடிவு அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆனால் ஓர் அநியாயம் நின்றுபோனது, அல்ஹம்துலில்லாஹ்.

குழந்தையின்மை உலகத்தில் அரிதான ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கைப்படி, பெரியவர்களில் சுமார் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தச் சோதனையைச் சந்திக்கிறார். அப்படிப்பட்ட தம்பதியரில் சுமார் பாதிப் பேர் விஷயத்தில் ஆணுக்கும் பங்கு உண்டு என்பது மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. அல்லாஹ் நாடியவர்களுக்குப் பெண் மக்களையும், நாடியவர்களுக்கு ஆண் மக்களையும், சிலருக்கு இரண்டையும் தருகிறான், சிலரைப் பிள்ளையில்லாதவர்களாக ஆக்குகிறான் என்று சூரத்துஷ் ஷூராவில் ஓதுகிறோம். அங்கே பெண்ணை மட்டும் சுட்டிச் சொல்லவில்லை. 'மலடி' என்ற சொல்லை நாம்தான் நம் வீடுகளில் புழங்குகிறோம்.

எடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

குழந்தை பிறக்காததற்கு ஆணிடத்தில் பல காரணங்கள் இருக்கலாம். எடை அவற்றில் ஒன்று. ஆனால் நம் கையால் மாற்றிக்கொள்ளக்கூடிய காரணம் என்பதால் இன்று அதை விரிவாகப் பார்க்கிறோம்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டு ஆண்களில் 37 சதவீதம் பேர் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள் என்று சொல்கிறது. அதற்கு முந்தைய ஆய்வில் இது 28 சதவீதமாக இருந்தது. பெண்களில் இப்போது 40 சதவீதம். அதாவது இந்த மண்டபத்தில் மூன்று ஆண்களுக்கு ஒருவருக்கு மேல்! சிரிக்க வேண்டாம், மேடையில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

கணக்கு எளிது. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 170 சென்டிமீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ளவருக்கு 31 வரும். நம் நாட்டவர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்று நம் மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். அந்த உயரத்துக்கு 72 கிலோவைத் தாண்டினாலே பருமன் கணக்கில் வந்துவிடும். கணக்குப் போட முடியாதவர்கள் தையற்கடை டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலத்தைத் தாண்டினால் கவனம் தேவை. கைலி கட்டுகிறவர்களுக்கு இது தெரியாமலே போய்விடும். பேன்ட் போடுகிறவர்களுக்காவது பொத்தான் சொல்லிவிடும்.

வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை அல்ல. ஆணின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் இருக்கிறது. ஆணுக்குரிய இயல்புகளுக்கும் விந்தணு உற்பத்திக்கும் அது வேண்டும். கொழுப்புத் திசுவில் உள்ள ஒரு நொதி இந்த டெஸ்டோஸ்டிரோனைப் பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடக் கூட இந்த மாற்றமும் கூடுகிறது. இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடியதைப் பார்த்த மூளை, 'உற்பத்தி போதும்' என்று விரைகளுக்குத் தரும் உத்தரவைக் குறைத்துக்கொள்கிறது. இது ஒன்று.

இரண்டாவது, சூடு. விந்தணு நல்ல முறையில் உருவாக, உடம்பின் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான சூடு வேண்டும். அதற்காகத்தான் படைத்தவன் அந்த உறுப்பை உடம்புக்கு வெளியே வைத்திருக்கிறான். தொடையிலும் அடிவயிற்றிலும் கொழுப்பு சேர்ந்து, நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்தால் அந்த இடம் சூடாகவே இருக்கும். பேக்கரி அடுப்பு முன்னாலும் பிரியாணி டெக்சா முன்னாலும் நாளெல்லாம் நிற்கிற நம் சகோதரர்களும் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, பருமனோடு சேர்ந்து வரும் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், குறட்டையோடு மூச்சுத் திணறும் தூக்கக் கோளாறு ஆகியவை. இவை விந்தணுவையும் பாதிக்கும், தாம்பத்திய உறவையும் பாதிக்கும்.

2013இல் ஆய்வாளர்கள் 21 ஆய்வுகளைச் சேர்த்து, 13,077 ஆண்களின் விவரங்களை ஒன்றாகப் பார்த்தார்கள். இயல்பான எடை உள்ளவர்களோடு ஒப்பிட்டால், கடுமையான பருமன் உள்ளவர்களுக்கு விந்தணு குறைவாகவோ இல்லாமலோ இருக்கும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்று தெரிந்தது. பருமனான எல்லோருக்கும் குறை இருக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. நூறு கிலோ எடையில் நான்கு பிள்ளைகளுக்கு அத்தாவாக இருப்பவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். ஒல்லியாக இருந்தும் குறை உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆளைப் பார்த்து முடிவு கட்ட முடியாது. அதனால்தான் பரிசோதனை என்கிறோம்.

எடை குறைந்தால் பலன் உண்டா?

டென்மார்க் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. பருமனான 56 ஆண்கள் அதில் கலந்துகொண்டார்கள். எட்டு வாரங்கள் மிகக் குறைந்த உணவு, ஒரு நாளைக்கு 800 கலோரி. சராசரியாக 16.5 கிலோ குறைந்தார்கள். விந்தணுவின் செறிவு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆனது, மொத்த எண்ணிக்கையும் சுமார் 1.4 மடங்கு ஆனது. பிறகு ஒரு வருடம் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். குறைந்த எடையைக் காப்பாற்றிக்கொண்டவர்களுக்கு அந்த முன்னேற்றம் நிலைத்தது. மீண்டும் எடை போட்டவர்களுக்கு அது நிலைக்கவில்லை.

இதில் இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். எண்ணிக்கை கூடியதே தவிர, விந்தணுவின் ஓட்டம் கூடவில்லை. அடுத்து, அவர்கள் அளந்தது விந்தணுவைத்தான், எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது என்பதை அல்ல. ஆகவே 'எடை குறைத்தால் பிள்ளை நிச்சயம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வழியில் கிடக்கும் ஒரு கல்லை நகர்த்துகிறோம், அவ்வளவுதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் ஒப்படையுங்கள் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த முறை. எடையைக் குறைப்பது ஒட்டகத்தைக் கட்டும் வேலை. பிள்ளையைத் தருவது அவன் நாட்டம்.

எட்டு வாரத்தில் பதினாறு கிலோ என்று கேட்டதும் நாளை முதல் பட்டினி கிடக்கக் கிளம்பிவிடாதீர்கள். அது மருத்துவர்களின் கண்காணிப்பில் நடந்தது. குறிப்பாகச் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் தாமாக உணவைக் குறைத்தால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதலில் பரிசோதனை

ஒரு வருடம் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்து, தடுப்பு எதுவும் இல்லாமல் கரு தரிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே பார்ப்பது நல்லது.

இந்த இடத்தில் வெளிநாட்டில் வேலை செய்யும் சகோதரர்களின் குடும்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு' என்கிறார்கள். மாப்பிள்ளை ரியாத்தில், பெண் இங்கே. வருடத்துக்கு ஒரு மாத விடுப்பு. கூட்டிப் பார்த்தால் இருவரும் சேர்ந்து இருந்தது ஐந்து மாதம்கூட வராது. அந்தப் பெண்ணை 'நாலு வருஷமா பிள்ளை இல்லாதவள்' என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? சேர்ந்து இருந்த மாதங்களைத்தான் எண்ண வேண்டும். மாப்பிள்ளை விடுப்பில் வரும்போது முதல் வாரமே ஒரு பரிசோதனையை முடித்துவிட்டால், திரும்பிப் போவதற்குள் என்ன செய்வது என்று ஒரு முடிவு தெரியும்.

பெண்ணுக்குச் செய்யும் பல பரிசோதனைகள் வலி உள்ளவை, செலவு கூடியவை. ஆணுக்கு முதல் பரிசோதனை வலியே இல்லாதது, செலவும் குறைவு. அதைச் செய்யாமல் பெண்ணை மட்டும் அலைக்கழிப்பது முறையல்ல. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, ஒரு மில்லி லிட்டரில் 1.6 கோடி விந்தணு, மொத்தத்தில் 3.9 கோடி, ஓட்டம் உள்ளவை 42 சதவீதம் என்பவை கீழ் எல்லை. அதற்குக் குறைந்தால் பிள்ளையே பிறக்காது என்று அர்த்தமில்லை, வாய்ப்பு குறைவு என்றுதான் அர்த்தம். ஒரே பரிசோதனையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இந்த எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். கடும் காய்ச்சல் வந்து போயிருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சரியான கணக்குத் தெரியும்.

மாதிரி எடுக்கும் முறை மார்க்கத்துக்கு ஒத்ததா என்று பலர் தயங்குகிறார்கள். நல்ல தயக்கம்தான். மருத்துவத் தேவைக்காக இது ஆகும் என்பது ஆலிம்கள் பலருடைய கருத்து. மனைவியோடு சேர்ந்திருக்கும்போதே மாதிரி சேகரிப்பதற்கென்று தனி மருத்துவ உறையும் இருக்கிறது. மனம் ஒப்பாதவர்கள் இமாம் அவர்களிடம் தனியாகக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். சந்தேகத்தைக் காரணமாக வைத்துப் பரிசோதனையையே தள்ளிப்போட வேண்டாம்.

எடையோடு சேர்த்து மருத்துவர் வேறு காரணங்களையும் பார்ப்பார். விரைப்பையில் நரம்பு சுருண்டு புடைக்கும் வெரிகோசீல், சிறு வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி, குழாய் அடைப்பு, நோய்த்தொற்று, பீடி, சிகரெட், ஹான்ஸ் என்று பட்டியல் நீளும். எடையைக் குறைத்தால் போதும் என்று நீங்களாகவே முடிவு செய்து இவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தாம்பத்திய உறவில் பலவீனம் வேறு, விந்தணு குறைவு வேறு. உறவில் எந்தக் குறையும் இல்லாதவருக்கும் விந்தணு குறைவாக இருக்கலாம். 'நான் நல்லாத்தானே இருக்கேன்' என்பது பரிசோதனைக்குப் பதில் ஆகாது. பேருந்து நிலையத்துச் சுவரொட்டியைப் பார்த்து, லாட்ஜ் அறையில் மாதம் ஒரு நாள் வந்து உட்காரும் வைத்தியரிடம் லேகியம் வாங்கித் தின்று பணத்தையும் காலத்தையும் இழந்தவர்கள் ஏராளம். காலம் பணத்தைவிடப் பெரிது. பெண்ணின் வயது காத்திருக்காது.

இளைஞர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்கு என்று ஊசி போடுகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஆண்மை கூடும், பிள்ளை பிறக்கும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், 'உள்ளே செய்ய வேண்டியதில்லை' என்று மூளை உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும், சிலருக்கு முழுதாக நின்றுவிடும். நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்குத் திரும்பி வந்தாலும், மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். பிள்ளைக்கு ஆசைப்படுகிறவர் தாமாக இந்த ஊசியைத் தொடவே கூடாது.

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் பலர் கேட்கிறீர்கள். 2025இல் மவுஞ்சாரோ, வீகோவி என்ற பெயர்களில் இவை நம் நாட்டுக்கு வந்தன. பசியைக் குறைத்து எடையைக் குறைக்கின்றன. அந்த டென்மார்க் ஆய்விலும் சிலருக்கு, குறைந்த எடையைக் காப்பாற்றிக்கொள்ள இதே வகையைச் சேர்ந்த ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். ஆனால் இது மருத்துவர் பார்த்துத் தர வேண்டிய மருந்து, நண்பர் சொல்லி வாங்குவதல்ல. வீட்டில் ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் போட்டுக்கொள்ளவும் கூடாது. குறிப்பாகக் கருத்தரிக்க முயலும் பெண்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது, இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்று வீகோவி மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது.

நம் வீட்டில், நம் ஊரில் என்ன செய்யலாம்?

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு எழுந்து போய் வலீமா பந்தியில் உட்கார்ந்தால் மூன்று பங்கும் பிரியாணிக்கே போய்விடுகிறது! தால்ச்சா, சிக்கன் வறுவல், பிரட் அல்வா, கடைசியில் ஐஸ்கிரீம். வாரத்துக்கு மூன்று பத்திரிகை வந்தால் மூன்று நாளும் இதே கதை. அழைப்புக்குப் போவது சுன்னத். தட்டை இரண்டாம் முறை நிரப்புவது சுன்னத் அல்ல.

பெரிய சட்டம் எதுவும் வேண்டாம். 90 கிலோ உள்ளவர் ஒன்பது கிலோ குறைத்தாலே அது பத்து சதவீதம். அந்த அளவே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஹார்மோனுக்கும் நல்லது. சில வழிகள்:

கடையில் ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிறோம். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பன்னிரண்டு ஸ்பூன். அதை இரண்டு டீயாக, சர்க்கரை இல்லாமல் மாற்றுங்கள்.

இரவு கடையை அடைத்துவிட்டுப் பதினோரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுப்பதும் வணிகர்களுக்கு எடை ஏறுவதில் ஒரு காரணம். மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.

தட்டில் பாதி காய்கறி, கால் பாகம் சோறு, கால் பாகம் கறியோ மீனோ முட்டையோ பருப்போ. நம் மாவட்டத்து ஜவ்வாது மலையிலேயே சாமை விளைகிறது. வாரம் இரண்டு நாள் சோற்றுக்குப் பதில் அது இருக்கட்டும். மாலையில் சமோசாவுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டை போதும்.

ரமலானில் பகல் முழுவதும் நோன்பு இருந்தும் எடை கூடிப்போகிறவர்கள் உண்டு. கஞ்சியோடு வடை, பஜ்ஜி, ரோஸ்மில்க் என்று இஃப்தார் பந்தி ஆகிவிடுவதே காரணம். கஞ்சியும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும். மற்ற மாதங்களில் திங்கள், வியாழன் சுன்னத்தான நோன்பு வைக்க முடிந்தவர்கள் வைக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

நடப்பதற்கு இடம் இல்லை என்று நம் ஊரில் யாரும் சொல்ல முடியாது. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் சாலை இருக்கிறது. பௌர்ணமிக்கு நம் இந்துச் சகோதரர்கள் இலட்சக்கணக்கில் அதில் நடக்கிறார்கள். அது அவர்களுடைய வழிபாடு. மற்ற நாட்களில் ஃபஜ்ருக்குப் பிறகு அந்தச் சாலையின் ஓரத்தில் மரநிழலும் காற்றும் எல்லோருக்கும் பொது. முழுவதும் சுற்ற வேண்டாம். இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வாருங்கள். 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பரில் அரசு எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துத் தந்திருக்கிறது. அதையும் பயன்படுத்தலாம். ஜும்ஆவுக்குப் பைக்கில் வருகிற நாம், பள்ளிவாசலுக்கு நடந்து வருவதில் ஒவ்வொரு எட்டுக்கும் நன்மை உண்டு என்பதை மறந்துவிட்டோம்.

நடக்கும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். முதல் முறை அன்னையார் ஜெயித்தார்கள். பிறகொரு நாள், அன்னையாருக்குச் சற்று உடம்பு வைத்திருந்த நேரத்தில், நபியவர்கள் ஜெயித்து, அதற்கு இது சரியாகிவிட்டது என்று சிரித்தார்கள். பெண்ணின் எடையும் கருத்தரிப்பதைப் பாதிக்கும் என்பதால் இருவரும் சேர்ந்து நடப்பது இரட்டைப் பலன்.

ஒரு விந்தணு உருவாகி முழுமை அடைந்து வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். ஆகவே இன்று நடக்கத் தொடங்கி அடுத்த வாரம் பரிசோதனை செய்தால் எதுவும் தெரியாது. குறைந்தது மூன்று மாதம் பொறுமை வேண்டும். அதேசமயம், எடை குறையட்டும் என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் மருத்துவத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

சிகிச்சையும் மார்க்க வரம்பும்

சிலருக்குச் செயற்கைக் கருத்தரிப்பு தேவைப்படலாம். கணவனுடைய விந்தணுவும் மனைவியுடைய கருமுட்டையும், அவர்கள் திருமண பந்தத்தில் இருக்கும் காலத்தில், அந்த மனைவியின் கருப்பையிலேயே வைக்கப்பட்டால் தேவைக்காக அது ஆகும், மூன்றாவது ஒருவர் எந்த வகையிலும் நுழையக் கூடாது என்பது 1986இல் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் தீர்மானம். ஆகவே மருத்துவமனையில் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் கேளுங்கள். 'தானம் பெற்றது வேண்டாம், எங்களுடையது மட்டும்' என்று எழுத்தில் கொடுங்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. நகையை விற்று, வட்டிக்கு வாங்கிப் பெரிய மையங்களுக்கு ஓடுவதற்கு முன், நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதல் ஆலோசனையைப் பெறுங்கள். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் கருத்தரிப்பு மையம் இயங்குகிறது.

நம் வேண்டுகோள்

முத்தவல்லி அவர்களிடமும் ஜமாஅத்திடமும் அறக்கட்டளையின் சார்பில் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். 'பிள்ளை இல்லை' என்ற காரணத்தோடு பிரிவுக்கோ மறுமணத்துக்கோ முறையீடு வந்தால், கணவன் மனைவி இருவரின் மருத்துவ அறிக்கையும் இல்லாமல் அதை விசாரணைக்கு எடுக்க வேண்டாம். அறிக்கையை மூடிய உறையில் வாங்கி, இமாமும் முத்தவல்லியும் மட்டும் பார்க்கட்டும். ஆணின் குறையைத் தெருவில் பேசுவதும் பாவம்தான். பெண்ணுக்குச் செய்த அநியாயத்தை ஆணுக்குச் செய்வதால் நியாயம் வந்துவிடாது.

பரிசோதனைக் கட்டணம் கட்ட இயலாத தம்பதியருக்கு மருத்துவ உதவி நிதியிலிருந்து கொடுப்போம். பெயர் எந்தப் பதிவேட்டிலும் வெளியில் தெரியாது. ஞாயிறுதோறும் ஃபஜ்ருக்குப் பிறகு அறக்கட்டளை வாசலிலிருந்து ஒன்றாக நடக்கப் போகிறோம். எடை பார்க்கும் கருவியும் அளவு டேப்பும் அலுவலகத்தில் இருக்கும்.

மாமியார்களாக இருக்கும் தாய்மார்களுக்கு ஒன்று. பெருநாளன்று வீட்டுக்கு வரும் எல்லோர் முன்னாலும் மருமகளிடம் 'விசேஷம் இல்லையா?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் அவளிடம் மட்டும் இல்லை, பாதி உங்கள் பிள்ளையிடமும் இருக்கலாம். முழுப் பதில் அல்லாஹ்விடம் இருக்கிறது. பிள்ளைக்கு இன்னொரு கரண்டி சோறு வைப்பதுதான் பாசம் என்று இருக்காமல், "வாப்பா, ஒரு நடை நடந்துட்டு வா" என்று சொல்வதும் பாசம்தான்.

எல்லா முயற்சியும் செய்த பிறகும் பிள்ளை கிடைக்காதவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். உங்கள் மனம் நோகும்படி எதுவும் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். நபி ஜக்கரிய்யா (அலை) அவர்கள் தலை நரைத்த பிறகும் நம்பிக்கை இழக்காமல் துஆ கேட்டார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் கோடிக்கணக்கான முஃமின்கள் இன்றுவரை அவர்களை 'அன்னை' என்றே அழைக்கிறோம். பிள்ளை இல்லாததால் ஒருவரின் மதிப்பு அல்லாஹ்விடம் குறைவதில்லை. நம்மிடமும் குறையக் கூடாது.

குழந்தைச் செல்வத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அல்லாஹ் ஸாலிஹான பிள்ளைகளைத் தருவானாக. தராத வீடுகளில் அதைவிடச் சிறந்த ஒன்றைக் கொண்டு கண்குளிர்ச்சியைத் தருவானாக. நம் உடம்பு அவன் தந்த அமானிதம். அதைப் பேணி நடக்கும் தௌஃபீக்கை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.